பெற்றோல் விலை ஏறியும் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: பெற்றோல் விலை கூடும்போதெல்லாம் சனம் கத்துகிறது, ஆனால் கிளிநொச்சி டிப்போச் சந்தியில் நின்று பார்த்தால் மோட்டார் சைக்கிள் ஒன்றுகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை, அப்படியென்றால் விலை சனத்துக்கு உறைக்கவில்லையா? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: விலை மாறப்போகிறது என்று மாதக் கடைசி இரவில் வரிசையில் நின்று டாங்கியை நிரப்புவதில் ஏதாவது லாபம் இருக்கிறதா?

முதலாவதற்கு என் பதில்: உறைக்கிறது, நன்றாகவே உறைக்கிறது, ஆனால் சந்தியில் நின்று பார்த்தால் அது கண்ணில் படாது. வன்னியில் பெற்றோல் விலை ஏறினால் சனம் கடைசியாகக் குறைப்பது பெற்றோலைத்தான். அதற்கு முன் வேறு எதையெல்லாமோ குறைத்துவிடும்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெற்றோல் செட்டில் கொஞ்சக் காலம் கணக்குப் பார்த்தவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு லீற்றர் கணக்கில் அடிக்கிற ஆட்கள் குறைவு. வருகிறவர் டாங்கி மூடியைத் திறந்துகொண்டே "ஐந்நூறுக்கு அடியுங்கோ" என்பார். 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, அப்போதும் ஐந்நூறுதான். 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா, அப்போதும் அதே ஐந்நூறு. முதலாவது கணக்கில் 2.8 லீற்றர் விழும், இரண்டாவதில் ஒரு லீற்றரும் கொஞ்சச் சொட்டும். வாய் சொல்லும் தொகை மாறவில்லை, டாங்கிக்குள் போவது மூன்றில் ஒன்றுக்குப் பக்கமாக வந்துவிட்டது. ஆனால் தோட்டமும் பள்ளிக்கூடமும் கிட்ட நகர்ந்து வரவில்லையே, எனவே செட்டில் பெற்றோல் இருந்த காலத்தில், முன்பு வாரத்துக்கு ஒருமுறை வந்தவர் விலை ஏறியபின் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து அதே ஐந்நூறைக் கொடுத்துவிட்டுப் போவார். வெளியிலிருந்து பார்த்தால் செட்டில் கூட்டம் கூடியதுபோல் இருக்கும். விலையே உறைக்காத சனம் என்று நினைக்கத் தோன்றும்.

"அப்ப 2022இல் ரோடு வெறிச்சோடிக் கிடந்ததே, அது விலையால்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. அது விலையால் அல்ல, பெற்றோலே இல்லாததால். இந்த இரண்டையும் குழப்பினால் முழுக் கணக்கும் பிழைத்துவிடும். மார்ச் தொடக்கத்தில் 203க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் விலை மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470 என்று படிப்படியாக ஏறியது. டீசல் 121இல் இருந்து 460 வரை போனது. இவ்வளவு ஏறியும் வரிசை குறைந்ததா? நீண்டதுதான் மிச்சம். நாள்கணக்கில் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கள்ளச் சந்தையில் லீற்றர் ஆயிரத்தைத் தாண்டியபோதும் வாங்க ஆள் இருந்தது. ரோட்டைக் காலியாக்கியது ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்ததும், அதன்பின் ஜூலையில் வந்த, கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீடும்தான். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். விலை செய்யாததை அந்த 4 லீற்றர் செய்தது. 2023 செப்டெம்பர் 1இல் பங்கீட்டை எடுத்தார்கள், அதோடு நிலைமை பழையபடி ஆனது.

இது எங்கள் ஊரின் அதிசயமும் இல்லை. பொருளியல்காரர் இதை அளந்து வைத்திருக்கிறார்கள். மொலி எஸ்பி என்ற பொருளியலாளர் 1998இல் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பெற்றோல் விலை 10 வீதம் ஏறினால் உடனடியாகப் பாவனை சராசரியாக 2.6 வீதம்தான் குறைகிறது, ஆண்டுகள் போனால் 5.8 வீதம் குறைகிறது என்று வந்தது. அமெரிக்காவை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 1975க்கும் 1980க்கும் இடையில் அங்கே 10 வீத ஏற்றத்துக்கு 2 முதல் 3 வீதம் வரை பாவனையைக் குறைத்த அதே நாடு, 2001க்கும் 2006க்கும் இடையில் ஒரு வீதம்கூடக் குறைக்கவில்லை. காரணமாகச் சொல்லப்படுவதில் முக்கியமானது, வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று சனம் நகரத்துக்கு வெளியே பரவிக் குடியேறிவிட்டது, இடையில் ஓட பஸ் இல்லை. கார் இல்லாமல் பாண் வாங்கவும் முடியாது என்றால் விலை ஏறி என்ன, இறங்கி என்ன, ஓடத்தானே வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை, ஒட்டுசுட்டானும் துணுக்காயும்தான் வந்தன. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் இருந்தது 92 ஆயிரம் பேர் அளவுதான், பரப்போ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆயிரம் சதுர கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டிய நிலத்துக்குள் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் சனம். யாழ்ப்பாணத்தில் விலை ஏறினால் சைக்கிளை எடுக்கலாம், சந்தை கூப்பிடு தூரம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், அந்தப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் கிராமங்களுக்குக் காடும் குளக்கட்டும் தாண்டிப் போக வேண்டும், காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒன்று, அதுவும் மழை பெய்து பாதை கெட்டால் வரும் என்று நிச்சயமில்லை. இப்படியான இடத்தில் மோட்டார் சைக்கிளை வசதி என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான், யூரியா மூட்டை வருவதும் அதில்தான், பிள்ளை ரியூசனுக்குப் போவதும் அதில்தான்.

சரி, அப்போது எதைக் குறைக்கிறார்கள்?

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு மீன் கொண்டுபோகும் ஆட்களைப் பாருங்கள். விடியற்காலையில் கரையில் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, முள்ளியவளை தாண்டி ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார்கள். விலை ஏறினால் இவர்கள் ஓடுவதை நிறுத்துவதில்லை. முதலில் ஒழுங்கைகளை விட்டுவிட்டுச் சந்தியில் நிற்பார்கள். பிறகு கடைசிக் கிராமத்துக்கு ஒன்றுவிட்ட நாள் போவார்கள். அதன் பிறகு கிலோவில் ஐம்பது நூறு ரூபாவை ஏற்றுவார்கள். அந்தக் கடைசிக் கிராமத்தில் மோட்டார் சைக்கிளே இல்லாத ஒரு அம்மா, மீன்காரன் வராததால் அன்றைக்குப் பருப்போடு சமையலை முடித்துக்கொள்கிறார். பெற்றோல் விலைக்கு உண்மையில் ஈடு கொடுத்தவர் அவர்தான், ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு லீற்றர் பெற்றோல் வாங்கியிருக்க மாட்டார். எந்தச் செட்டின் கணக்கிலும் அவர் வர மாட்டார்.

வயலிலும் இதே கதைதான், அங்கே டீசல். உழவுக்கூலி ஏக்கர் கணக்கில், டீசல் ஏறினால் கூலியும் மறுநாளே ஏறும். கமக்காரர் உழாமல் விடுவாரா, விட மாட்டார். இரண்டு தரம் உழுது புரட்ட வேண்டிய இடத்தில் ஒரு தரத்தோடு விதைத்துவிடுவார். களை கூடும், களைநாசினிக்குக் காசு போகும், அல்லது விளைச்சலில் சில மூட்டை குறையும். டீசலில் மிச்சம் பிடித்த காசு மாசியில் அறுவடைக் களத்தில் திரும்ப வாங்கப்படும். குத்தகைக்குச் செய்கிறவர் ஒரு ஏக்கரை விட்டுவிடுவார். இவை எல்லாம் எரிபொருளுக்கான பாவனையாளர் எதிர்வினைதான், ஆனால் யாரும் அதை அப்படி எழுதி வைப்பதில்லை.

மண்ணெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அடி மிக மோசம். பெற்றோலும் டீசலும் ஏறிக்கொண்டே போன காலத்தில் மண்ணெண்ணெயை லீற்றர் 87 ரூபாவிலேயே வைத்திருந்தார்கள். விலை இவ்வளவு வித்தியாசமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, டீசலுக்குள் மண்ணெண்ணெய் போனது, பஸ்ஸும் லொறியும் வேறு மணத்தோடு ஓடின, கரையில் படகுக்காரருக்குக் கிடைக்கவில்லை. பிறகு 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். வெளியிணைப்பு எஞ்சின் போட்ட சின்னப் படகு ஒன்று ஒரு தரம் தொழிலுக்குப் போய்வர 25 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,175 ரூபாவாக இருந்த செலவு 8,500 ஆனது. வலையில் எவ்வளவு படும் என்று தெரியாமலேயே கரையில் வைக்க வேண்டிய காசு அது. தூரக் கடலுக்குப் போவது குறைந்தது, இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு படகில் போனார்கள், சிலர் கரைவலைக்குக் கூலியாகப் போனார்கள். இங்கே மட்டும் பாவனை உண்மையிலேயே குறைந்தது, ஏனென்றால் தொழிலையே விட வேண்டி வந்தது. அப்படிக் குறைந்ததைச் "சனம் சிக்கனமாக மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

நீண்ட காலத்தில் சனம் மாறும் என்பது உண்மை, அதற்கு வன்னியை விட நல்ல உதாரணம் கிடையாது. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல், டீசல், பற்றரி எதுவுமே வவுனியாவைத் தாண்டி ஒழுங்காக வரவில்லை. மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சின் அதில் பிடிக்காது. எனவே ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சச் சொட்டை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை, மணம், பிளக் அடிக்கடி கரி பிடிக்கும், ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் சீக்கிரம் தேயும், ஆனாலும் ஓடியது. விளக்குக்கு ஜாம் போத்தலில் பஞ்சைப் போட்டுத் திரி வைத்தார்கள். சனத்துக்கு மாற்று வழி ஒன்று இருந்தால், எவ்வளவு கஷ்டமானதாக இருந்தாலும் அதற்கு மாறும்.

2022இல் அந்த வழியும் அடைபட்டிருந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு நாட்டில் விலை ஏறினால் அடுத்த முறை எண்ணெய் குறைவாகக் குடிக்கிற வாகனமாகப் பார்த்து வாங்குவான். 2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டபோது அமெரிக்கர் பெரிய வாகனங்களை விற்றுவிட்டுச் சின்னதற்குப் போனார்கள். எங்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியே நிறுத்தம், தனியாருக்கான கார் இறக்குமதி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். எனவே 470 ரூபா காலத்தில் கையில் இருந்த பழைய மோட்டார் சைக்கிளைத்தான் ஓட வேண்டியிருந்தது, அதன் விலையும் இரண்டு மடங்கானது. சைக்கிளுக்கு மாறலாம் என்றால் லுமாலா விலையும் பறந்தது. இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் கண்ணில் படுகின்றன, தோட்டக்காரர் சிலர் மண்ணெண்ணெய்ப் பம்மை விட்டுச் சூரிய மின்சாரப் பம்முக்குப் போகிறார்கள். எஸ்பியின் அந்த 5.8 வீதம் இப்படித்தான், ஆண்டுக்கணக்கில், காசு கையில் உள்ளவனிடமிருந்து தொடங்கி நடக்கும். முதலில் மாற முடிந்தவர் மிச்சம் பிடிப்பார், கடைசியில் நிற்பவர் ஏறிய விலையைக் கட்டிக்கொண்டிருப்பார்.

விலை இறங்கும்போது ஏன் எதுவும் இறங்குவதில்லை என்றும் பலர் கேட்கிறார்கள். இதற்கு ஆங்கிலேயப் பொருளியலாளர் ரொபேட் பேக்கன் 1991இல் ஒரு பெயரே வைத்தார்: ஏறும்போது ரொக்கெட், இறங்கும்போது இறகு. அவர் பேசியது பிரித்தானியாவின் பெற்றோல் விலையை. எங்கள் நாட்டில் பெற்றோல் விலையை அறிவித்துத்தான் மாற்றுகிறார்கள், 2018இல் கொண்டுவந்து கைவிட்ட விலைச் சூத்திரம் 2022 மேயில் மீண்டும் வந்தபின் அது ஓரளவு இறங்கவும் செய்கிறது. இறகு பறப்பது அதற்கு அடுத்த படியில். பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 2022 ஜூலையில் 40 ரூபா வரை போய்ப் பிறகு குறைந்தது, அதை ஒரு ஆணைக்குழு கேட்டுக்கொண்டு இருக்கிறது. ஆட்டோவை யார் கேட்பது? எங்கள் பக்கத்தில் மீற்றர் போடுகிற ஆட்டோ இல்லை, பேசின கூலிதான். பெற்றோல் 470 இருந்தபோது ஏறிய கூலி, 2025இல் 300க்குக் கிட்ட வந்த பிறகும் இறங்கவில்லை. கேட்டால் "அண்ணை, டயர் விலை தெரியுமோ" என்பார், அதுவும் பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது, ஏறும்போது சண்டை பிடிக்கிற நாங்கள் இறங்கும்போது பேரம் பேசுவதில்லை. தேத்தண்ணிக் கடையிலும் அப்படித்தான்.

மிச்சம் பிடிக்க என்ன செய்யலாம் என்றால், சின்ன விசயங்கள்தான் இருக்கின்றன. கிரவல் பாதைப் புழுதியில் எயார் பில்டர் அடைபட்டால் எண்ணெய் குடிக்கும், அதைத் தட்டித் துடையுங்கள். டயர் காற்றைப் பாருங்கள். 40, 50இல் ஓடினால் 80இல் ஓடுவதை விடக் கணிசமாக மிச்சம். 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு 95 ஒக்டேன் அடிப்பது வீண் செலவு, அந்த எஞ்சினுக்கு 92 போதும். கூடிய ஒக்டேன் என்றால் கூடிய சக்தி என்று யாரோ கிளப்பிவிட்ட கதை இன்னும் ஊருக்குள் ஓடுகிறது.

இனி மாதக் கடைசி இரவு. விலை 6 ரூபா கூடப்போகிறது என்று வைப்போம். உங்கள் டாங்கி முழுக்கக் காலியாக இருந்தாலும் பத்து லீற்றர், லாபம் 60 ரூபா. அதற்கு எஞ்சினை நிறுத்தி நிறுத்தி இழுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும், இரவில் திரும்பக் காட்டுப்பாதையில் யானைக்குப் பயந்து வர வேண்டும். மோட்டார் சைக்கிள்காரருக்கு இது பிரயோசனமில்லாத வேலை. லொறி, வெட்டு மிசின் வைத்திருப்பவர்கள் அறுவடை நேரத்தில் நூற்றுக்கணக்கான லீற்றர் எடுப்பார்கள், அவர்களுக்கு மட்டும் கணக்குச் சரிவரும்.

விலை குறையப்போகிறது என்ற பேச்சு வந்தால்தான் நீங்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பவுசர் 13,200 லீற்றர் இறக்கிய அடுத்த நாள் லீற்றருக்கு 10 ரூபா குறைந்தால் செட்காரருக்கு 1,32,000 ரூபா ஒரே இரவில் போய்விடும். எனவே அவர் ஓடர் போடுவதைத் தள்ளிப்போடுவார், மாதக் கடைசி இரண்டு நாளும் பம்பில் கயிறு கட்டியிருக்கும். சங்கத்தில் நான் இருந்தபோதும் இதே தலையிடிதான், வைத்தால் நட்டம், வைக்காவிட்டால் சனத்திடம் பேச்சு. கிளினிக், பரீட்சை, தூரப் பயணம் ஏதாவது முதலாம் திகதியை ஒட்டி இருந்தால், விலை எந்தப் பக்கம் போனாலும் பார்க்காமல் 27, 28ஆம் திகதி அளவில் பாதி டாங்கியாவது அடித்து வைத்துவிடுங்கள்.

கானில் வாங்கி வீட்டுக்குள் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். 2022 பழக்கத்தில் இன்னும் பலர் கட்டிலுக்குக் கீழே பெற்றோல் கான் வைத்திருக்கிறார்கள். டீசலும் மண்ணெண்ணெயும் சாதாரண வெப்பநிலையில் சட்டென்று பற்றாது, பெற்றோல் அப்படியல்ல, பனி உறையும் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து வரும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்படி வரை போகும், எங்கள் வீடுகளில் அங்கே விறகு எரிந்துகொண்டிருக்கும். லான்ட்மாஸ்டர் உழவு மிசினுக்கு டீசல் கட்டாயம் வைக்கத்தான் வேண்டுமென்றால், இறுக்கமான மூடி உள்ள கானில் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி உள்ள மிசின் கொட்டிலில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.